முதுமையடைந்த சலவை இயந்திரம்

துணி வெளுப்பதென்பது நம் நாட்டில் நெடுங்காலம் கல்லும் கையும் சார்ந்த வேலையாகவே இருந்து வந்தது. அம்பாறை மாவட்டத்தில் இறக்காமக் குளத்தை அண்டியுள்ள வரிப்பத்தான்சேனையிலும் கிணற்றடியும் குளக்கரையுமே சலவைக்கூடங்களாய் விளங்கின. இன்று அங்கே பல வீடுகளின் பின்விறாந்தையில் இரட்டைத் தொட்டிச் சலவை இயந்திரம் ஒன்று நிற்கக் காணலாம். மத்திய கிழக்கில் உழைத்த பிள்ளைகளின் பணத்தில் வந்தவை சில. தவணை கட்டி வாங்கப்பெற்றவை வேறு சில. பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைத்து அவற்றுட் பல இப்பொழுது முனகத் தொடங்கியுள்ளன.

முன்னரெனில், பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை வாங்குவோம் என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம். 2022ஆம் ஆண்டில் சில கிழமைகளுக்குள்ளேயே ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவளவுக்கு ஏறியதன் பின்னர், இறக்குமதிப் பொருள் எதனையும் அவ்வாறு எண்ண வேளாண்மைக் குடும்பமொன்றால் இயலவில்லை. இயந்திரம் நின்றுவிட்டால் அதன் பாரம் மீண்டும் வீட்டுப் பெண்களின் தோளிலேயே இறங்குகிறது. பெரும்போக மழைக்காலத்தில் நனைந்த சாறன்களையும் போர்வைகளையும் கையாற் பிழிந்து காயவைக்கும் மூத்தம்மாவுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

மின்சாரச் சலவை இயந்திரமொன்றுக்கு அமெரிக்கராகிய அல்வா ஃபிஷர் 1910இல் உரிமம் பெற்றார். 1953இல் ஜப்பானின் சன்யோ நிறுவனம் நீரைச் சுழற்றித் துவைக்கும் இயந்திரத்தை 28,500 யென் விலைக்கு விற்கத் தொடங்கியது. நம் வீடுகளிலுள்ளவை அவ்வழிவந்தவையே எனலாம். அவற்றின் அமைப்பு மிகவும் எளியது. மின்கணக்கி மூளை எதுவும் அவற்றில் இல்லை. இது ஒரு குறையன்று, பெரும் பேறு. வீட்டிலுள்ளோர் கண்ணாற் பார்த்து விளங்கிக்கொள்ளக்கூடிய இயந்திரம் இது.

துவைக்கும் தொட்டியின் அடியில் ஒரு சுழல்தட்டு உண்டு. மோட்டார் ஒன்று பெல்ட் வழியாகக் கியர்ப் பெட்டியையும், அக்கியர்ப் பெட்டி சுழல்தட்டையும் இயக்குகின்றன. பிழியும் தொட்டிக்குத் தனியான மோட்டார் உண்டு. அது தொட்டியை நேரடியாகவே சுழற்றுகிறது. ஆகவே ஒருபக்கம் இயங்கி மறுபக்கம் இயங்காவிடின், வீட்டு மின்சாரத்திற் குறையில்லை என்பது அப்பொழுதே தெளிவாகிவிடும். இரண்டும் இயங்காவிடின், இயந்திரத்தைக் கழற்றுவதற்கு முன்னர் சுவரிலுள்ள குதையையும், 13 அம்பியர் செருகியினுள்ளே இருக்கும் உருகியையும் பார்த்தல் வேண்டும். உருகி எரிந்த இயந்திரத்தைச் சுமந்துகொண்டு அக்கரைப்பற்றுக்கோ சம்மாந்துறைக்கோ போய்த் திரும்பியவர்கள் உண்டு.

இனி, எதனையும் தொடுமுன்னர் அறியவேண்டியது ஒன்றுண்டு. சலவை இயந்திரம் நீரும் மின்சாரமும் அருகருகே வாழும் இடம். அதனைக் கையாள்பவரோ பெரும்பாலும் ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவர். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அந்நிலையில் உயிரைக் குடிக்க அது தாராளமாகப் போதும். இயந்திரத்தைத் தொடும்போது "சிறிது சுள்ளென்கிறது" என்று பலர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு துவைப்பதுண்டு. அது சிறு குறையன்று. கசிவு தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. அன்றே செருகியைக் கழற்றி வைத்தல் வேண்டும்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் இரண்டு. எலி கடித்த கம்பி ஒன்று. புவித்தொடுப்பு இல்லாமை மற்றொன்று. வயல் சூழ்ந்த ஊர்களில் அறுவடைக்குப் பின் எலிகள் வீடு தேடி வருவது வழக்கம். இயந்திரத்தின் அடிப்பாகம் திறந்திருப்பின் அதுவே அவற்றுக்கு மாளிகை. பழைய வீடுகளில் மூன்று முனைச் செருகியை வெட்டிவிட்டு இரு முனையாக்கி மாட்டியிருப்பதைக் காணலாம்; அங்கே புவித்தொடுப்புக் கம்பி எங்கும் இணைக்கப்படாமல் தொங்கும். அதனைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவதாலும் பயனில்லை. இக்காலக் குழாய்கள் பிளாஸ்டிக்கினால் ஆனவை. தகுதி பெற்ற மின்வினைஞரைக் கொண்டே இதனைச் சீராக்குதல் வேண்டும். ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் அதனைப் பலவந்தமாக மேலே தூக்கி வைப்பது மடமை. 30 மில்லி அம்பியர் அளவில் மின்சாரம் கசிந்தாலே விழும்படி அமைந்த கருவி அது. விழுவதே அதன் கடமை. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பார்ப்பது நன்று.

செருகியைக் கழற்றிய பின்னர்தான் ஆராய்ச்சி தொடங்கவேண்டும். மோட்டார் ஊமையாக முனகுகிறது, தட்டோ சுழலவில்லை என்று கொள்வோம். தொட்டியை வெறுமையாக்கித் தட்டைக் கையாற் சுழற்றிப் பார்க்கலாம். அது இறுகியிருப்பின், அடியில் நாணயமோ ஊசியோ பொத்தானோ சிக்கியிருக்கும். நடுவிலுள்ள திருகாணியைக் கழற்றித் தட்டைத் தூக்கினால் கண்டுகொள்ளலாம். இலகுவாகச் சுழல்கிறதாயின் சந்தேகம் கப்பாசிட்டரின் மீது விழும். பாடநூல்கள் கொள்ளளவி என்று கூறுவது இதனையே. மோட்டாருக்கு முதல் உந்தலைக் கொடுப்பது அது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் வலு குறையும். அதன் உடலில் மைக்ரோபாரட் என்னும் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். மாற்றுவது அதே அளவினதாக இருத்தல் வேண்டும். வோல்ட் அளவு குறையலாகாது. இரு மோட்டார்களுக்குமான கப்பாசிட்டர்கள் ஒரே பெட்டிக்குள் இருப்பதுமுண்டு. செருகியைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். ஆகையால் வெறுங்கை வைக்காமல், பழைய இழைக் குமிழொன்றின் இரு கம்பிகளை அதன் முனைகளிற் பிடித்து வடியவிட்டுப் பின்னரே தொடுவது கைதேர்ந்தவர் வழக்கம்.

தட்டு ஒரு திசையில் மட்டும் சுழன்று மறுதிசையில் திரும்பவில்லையானால் கப்பாசிட்டரைக் குறைகூற வேண்டாம். இரு திசைக்கும் உதவுவது அதே கப்பாசிட்டர்தானே! அங்கே பெரும்பாலும் பிழை நேரக்கணிப்பு ஆளியின் தொடுமுனைகளில் இருக்கும். எறும்பு கூடு கட்டிய ஆளிகளும் உண்டு.

மோட்டார் ஓடும் ஓசை நன்கு கேட்டும் தட்டு சோர்ந்து சுழலுமாயின், பெல்ட் தளர்ந்திருக்கும். மோட்டாரின் திருகாணிகளைச் சற்றுத் தளர்த்திப் பின்னுக்கு இழுத்து இறுக்கினால் பலமுறை அதுவே போதும். பெல்ட்டில் வெடிப்புக் காணின் மாற்றவேண்டும்.

பிழியும் பக்கம் சுழலாவிடின் முதலிற் பார்க்கவேண்டியது மூடியின் அடியிலுள்ள ஆளி. அடுத்தது, மூடியோடு பிணைந்துள்ள தடுப்புக் கம்பி. கம்பி நீண்டு தளர்ந்தால் தடுப்புக் கட்டை சக்கரத்தை விட்டு விலகாது. இத்தொட்டி நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,400 முறை சுழல்வது. மூடியைத் திறந்தவுடன் அது நிற்கவில்லையெனில், தடுப்பைச் சீராக்கும்வரை சிறுவர்களை அருகில் விடலாகாது. அச்சின் அடியிலுள்ள றப்பர் வளையம் தேய்ந்தால் நீர் நேராக மோட்டாரின் மீது சொட்டும். கீழே துருவின் செந்நிறக் கோடுகளைக் கண்டால் காலந்தாழ்த்த வேண்டாம்.

தொட்டியில் நீர் நிற்காமல் ஒழுகுவது பெரும்பாலும் வெறும் அழுக்கின் வேலை. வடிவாயின் மூடியைத் திறந்தால் நூலும் பஞ்சும் மணலும் வெளிப்படும். வயற்சேறு படிந்த ஆடைகளை நேரே இயந்திரத்தில் இடுவதே இதற்கு மூலகாரணம். அவற்றைக் கிணற்றடியில் ஒருமுறை அலசிவிட்டு இடுவோர் இயந்திரத்தின் ஆயுளைப் பல ஆண்டுகள் நீட்டிக்கிறார்கள். கிணற்று நீர் வன்மையுடையதாயின் கல்சியம் படிந்து தட்டின் அடியில் வெண்பொருக்காய் இறுகும், சவர்க்காரமும் நுரைக்காது. வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ கலந்த நீரைச் சில மணிநேரம் தேங்கவைத்து அப்பொருக்கை இளக்கலாம். அதனோடு வெளிற்றும் தூளைச் சேர்ப்பது மட்டும் கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

கியர்ப் பெட்டி உடைந்தாலோ மோட்டாரின் சுருள் கருகி நாறினாலோ வீட்டு வைத்தியம் அங்கே நின்றுவிடும். திருத்துநரிடம் செல்வோர், இயந்திரத்தின் பின்புறத் தகட்டிலுள்ள மாதிரி எண்ணையும் பெல்ட்டின் மேலுள்ள எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் செல்வது நல்லது. கல்முனைக் கடைகளில் உதிரிப்பாகம் தேடுகையில் அத்தாள் ஒரு பயணத்தை மிச்சப்படுத்தும்.