செவிலியருக்கு நாம் தரும் இடம்



ஆண்டுதோறும் மே 12ஆம் நாளை உலகச் செவிலியர் தினமாகச் சிறப்பிக்கின்றோம். 1820இல் அந்நாளில் பிறந்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். செவிலியர் பணியில் உள்ள நம் பிள்ளைகளை வாழ்த்தும் வேளையில், சில ஆண்டுகள் வேலை பார்த்தபின் உயர்பயிற்சிக்குச் செல்பவர்களையும் எண்ணிப் பார்ப்போம்.

தீவிர சிகிச்சைக்கென இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ள ஈராண்டு முதுநிலைப் படிப்பில், பி.எஸ்சி. நர்சிங் முடித்துப் பணி அனுபவமும் பெற்றவர்களே சேர முடியும். பயிற்சியின் பெரும்பகுதி நோயாளியின் படுக்கையருகில்தான். நேற்றுவரை ஒரு வார்டையே கவனித்துக்கொண்ட செவிலியர், இன்று வேறொரு மருத்துவமனையில் மாணவியாக நிற்கிறார். அங்குள்ள பணியாளர்களுக்கு அவர் வெளியாள். இளம் மாணவிகளுக்கோ வயதில் மூத்தவர். 'இத்தனை வருட அனுபவம் இருந்தும் இது தெரியாதா?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என அஞ்சி, சந்தேகத்தை மனதிலேயே வைத்துக்கொள்ள நேரிடுகிறது.

இது அவருடைய மனவருத்தம் மட்டுமல்ல. மருந்தின் அளவில் எழும் சந்தேகத்தைக் கேளாமல் விட்டால் பாதிக்கப்படுபவர் நோயாளியே. செவிலிய மாணவர்களைப் பற்றி ஆய்வு செய்த ஆஸ்திரேலியப் பேராசிரியர் ட்ரேசி லெவெட்-ஜோன்ஸ் ஐந்து படிகளைக் குறிப்பிடுகிறார்: பாதுகாப்பு, 'நானும் இவர்களில் ஒருத்தி' என்ற உணர்வு, தன்மதிப்பு, கற்றல், திறமை. ஏற்றுக்கொள்ளப்படும் உணர்வு கற்றலுக்கு முன்னே நிற்பதைக் கவனியுங்கள்.

இந்த உண்மைக்கு நம் தருமபுரி மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதியர் 1993இல் ஒரு குடிசையில் பழங்குடியினர் நலவாழ்வுப் பணியைத் தொடங்கினர். வெளியூர்ச் செவிலியரை மட்டும் நம்பியிராமல், அப்பள்ளத்தாக்கின் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி அளித்தனர். பிரசவம் பார்க்கவும், அறுவை சிகிச்சையில் துணை நிற்கவும் அவர்கள் கற்றுக்கொண்டனர். நோயாளியின் மொழியும் வழக்கமும் அறிந்த அவர்களுக்கு அந்த மருத்துவமனை அந்நிய இடமாக இல்லை. பெரிய பட்டம் இல்லாதவர்களும் அரிய திறமை பெறலாம். ஆனால், 'இது என் இடம்' என்ற உறுதி வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்? மூத்த செவிலியர்கள், பயிற்சிக்கு வருபவரைப் 'புது ஸ்டூடண்ட்' என்று சொல்லாமல் பெயர் சொல்லி அழைக்கலாம். தேநீர் வேளையில் உடன் அமர்த்தலாம். அவர் முன்பு கற்றதையும் கேட்டறியலாம். குடும்பத்தார், 'வேலையை விட்டுவிட்டு எதற்குப் படிப்பு?' என்று கேட்பதைத் தவிர்க்கலாம். விடுதியில் தங்கிப் பயில்பவர்கள் ஞாயிறு திருப்பலிக்கு வந்து, யாரும் பேசாமலே திரும்பிப் போகாதபடி பங்கு மக்கள் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே உடலின் பல உறுப்புகள் நாம் என்று தூய பவுல் கற்பிக்கிறார். நோயுற்ற உறுப்பைத் தேற்றும் கைக்கும் அந்த உடலில் இடம் உண்டு. அந்த இடத்தை அன்போடு அளிப்போம்.