பல்லைக் காட்டினால் அன்பாகிவிடுமா?

ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? விடிகாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும்போது பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் யாராவது ஒரு ஆசாமியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். சூப்பர்வைசர், ஹெச்.ஆர்., பக்கத்து மெஷின்காரர்... பஸ் டீசலில் ஓடுகிறதா, இந்தப் புலம்பலில் ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும்!

எழுத வருவதற்கு முன் அங்கே ஒரு உதிரிபாக கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்தேன். பி.காம். படித்தவனுக்கு டெபிட், கிரெடிட் டாலி ஆகாவிட்டால் தூக்கம் வராது. எனக்கு டாலி ஆகாத ஒரே என்ட்ரி, ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். எந்த பில்லை நீட்டினாலும் "தப்பு" என்று தூக்கி எறிவார். எங்கே தப்பு? சொல்ல மாட்டார். கான்ட்ராக்ட் பசங்களை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்குவார்.

நானோ ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். ஆகவே அவரிடம் அன்பு காட்ட முடிவு செய்தேன். தினமும் ஒரு "குட்மார்னிங் சார்". கிறிஸ்துமஸுக்கு கேக். திட்டினால் ஒரு புன்னகை. 'நாம எவ்வளவு பெரிய மனுஷன்!' என்று உள்ளுக்குள் எனக்கு நானே கைதட்டல் வேறு.

மத்தியானம் கேன்டீனில்? அவர் மாதிரியே மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "தப்பு" என்று பேப்பரை வீசிக் காட்டுவேன். ஷோ தினமும் ஹவுஸ்ஃபுல்!

ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டார். கத்தவில்லை. "தம்பி, நான் மூஞ்சிக்கு நேரா திட்டறவன். நீ நேர்ல சிரிக்கறே, கேன்டீன்ல என்னை மாதிரி நடிச்சுக் காட்டறே. ரெண்டு பேர்ல யாருப்பா மோசம்?"

கேக் தொண்டையில் அடைத்த மாதிரி நின்றேன்.

அன்று ராத்திரி பைபிளைப் புரட்டினேன். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபம், 12-ம் அதிகாரம். பகைவனுக்குப் பசித்தால் சோறு போடச் சொல்வது 20-ம் வசனம். என் கேக் விநியோகம் அந்தக் கணக்கில்தான். ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலேயே, 9-ம் வசனத்தில், அன்பில் வேஷம் கூடாது என்று கண்டிஷன் போட்டிருக்கிறார் மனுஷர். நான் அதைத் தாண்டிக் குதித்திருக்கிறேன்!

வேஷமில்லாத அன்பு எப்படி இருக்கும்? கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் ஞாபகத்துக்கு வந்தார். ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்துவந்த ஆஸ்திரேலியக் குடும்பம். 1999 ஜனவரியில், மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவர் கணவர் கிரஹாமையும் 10 வயது, 6 வயது மகன்கள் இருவரையும் ஒரு கும்பல் உயிரோடு கொளுத்தியது. கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார் கிளாடிஸ். ஆனால் நடந்த கொடுமையைப் பூசி மெழுகவில்லை. மன்னிப்பது தன் பொறுப்பு, தண்டிப்பது சட்டத்தின் பொறுப்பு என்று பிரித்தே வைத்தார். அதன் பிறகும் 2004 வரை இங்கேயே இருந்து அதே நோயாளிகளுக்காக உழைத்தார். 2005-ல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். முக்கியக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது.

அந்த அம்மா எங்கே, பில்லை எறிந்ததற்கு மூக்கைச் சிந்தும் நான் எங்கே! ஆனாலும் ஒன்று உறைத்தது. தப்பைக் கண்டுகொள்ளாமல் பல்லைக் காட்டுவது அன்பில்லை. மனசில் ஒன்று, வாயில் ஒன்று இல்லாததுதான் அன்பு.

மறுநாள் போய் நின்றேன். "மன்னிச்சிடுங்க சார். இனிமே உங்களைக் கேலி பண்ண மாட்டேன்." கால் நடுங்க இன்னொன்றும் சொன்னேன்: "பசங்களை எல்லார் முன்னாலயும் திட்டாதீங்க சார். நேத்து ஒருத்தன் அழுதுக்கிட்டே போனான்."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "போய் வேலையைப் பாரு."

ஆள் அடியோடு மாறிவிட்டார் என்று கதை விடமாட்டேன். கத்தல் தொடர்ந்தது. என் பில்லும் வழக்கம்போல் திரும்பி வந்தது. ஆனால், இந்த முறை ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'மூணாவது வரி. கூட்டல் தப்பு.'

கூட்டிப் பார்த்தேன். நிஜமாகவே தப்பு!