சூரியனுக்கு முதுகைக் காட்டும் கோவில்

கம்போடியாவின் சியம் ரீப் நகரில் விடியற்காலை நாலரை மணிக்கே துக்துக் வண்டிகள் கிளம்பிவிடுகின்றன. எல்லாம் போவது அங்கோர் வாட்டுக்குத்தான். ஐந்து மணிக்குக் கோவில் திறக்கும்போது, அகழியைக் கடக்கும் கல்பாதை நெடுகக் கைபேசி வெளிச்சம்.

இந்துக் கோவில்கள் பெரும்பாலும் கிழக்கு பார்த்திருக்கும். இது மேற்கு பார்த்தது. 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்காகக் கட்டத் தொடங்கியது. (தமிழ் மன்னன் கட்டியது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம், அவன் கெமர் அரசன்.) மேற்கு திருமாலுக்குரிய திசை என்பதாலா, அரசனின் நினைவாலயமாகவும் நினைத்துக் கட்டியதாலா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பார்க்க வருபவர்களுக்கு அதனால் லாபம்தான். வாசல் பக்கம் நின்றபடியே, ஐந்து கோபுரங்களுக்குப் பின்னால் வானம் வெளுப்பதைக் காணலாம்.

கூட்டம் மொய்ப்பது இடப்பக்கக் குளக்கரையில். கோபுரங்கள் தண்ணீரில் தலைகீழாகத் தெரிவதால் அங்கே முன்வரிசைக்குப் பெரும் போட்டி.

சூரியன் எல்லா நாளும் நடுக்கோபுரத்தின் பின்னால் வருவதில்லை. டிசம்பரில் வலப்பக்கமாகவும் ஜூனில் இடப்பக்கமாகவும் விலகி எழும். இரவும் பகலும் ஏறக்குறையச் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாட்களில் மட்டும், மேற்கு வாசலிலிருந்து பார்த்தால், சுமார் 65 மீட்டர் உயர நடுக்கோபுரத்தின் உச்சியிலேயே வந்து நிற்கும். கோவிலின் அமைப்பில் இப்படிப்பட்ட வானியல் கணக்குகள் இருப்பதாக 1976இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் பயன்படாது.

படம் எடுத்த கையோடு பாதிக் கூட்டம் காலை உணவுக்குத் திரும்பிவிடும். அது அவசரம். எதிர்வெயிலில் வெறும் கரிய நிழலாகத் தெரிந்த கோவிலில், செதுக்கு வேலை கண்ணுக்குப் புலப்படுவது அதற்குப் பிறகுதான். அப்போது பின்புறம் போக வேண்டும். கிழக்குப் பிரகாரத்தின் தூண்களுக்கிடையே இளவெயில் நுழைந்து சுவரில் விழுகிறது. அங்கேதான் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி: ஒருபுறம் 92 அசுரர், மறுபுறம் 88 தேவர், கையில் வாசுகி, நடுவில் திருமால், மேலே நுரையிலிருந்து எழும் அப்சரஸ்கள்.

நுழைவுச்சீட்டைக் கோவில் வாசலில் வாங்க முடியாது. அலுவலகம் தனியே இருக்கிறது. முந்தின நாள் மாலையே வாங்கிவிட்டால் விடியலில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லையென்றால் மேல்தளத்துக்கு ஏற விடமாட்டார்கள்.