வெல்லத்தில் ஒளிரும் கார்பன்

பாவூர்சத்திரம் சந்தையில் வாங்கும் ஒரு கட்டி வெல்லத்தை வைத்து நானோதுகள்களைப் பற்றி மாணவர்களிடம் பேசலாம். 2012-இல் குவாஹாட்டி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் வெல்லம், ரொட்டி, பிஸ்கட், கருக்கிய சர்க்கரை ஆகியவற்றில் ஒளிரும் கார்பன் நானோதுகள்கள் இருப்பதைக் கண்டறிந்தனர். அவற்றின் அளவு 4 முதல் 30 நானோமீட்டர் வரை. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர்.

எப்படி உருவாகின்றன?

சர்க்கரையில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் உள்ளன. சூடேற்றும்போது நீர் வெளியேறுகிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து கார்பன் மிகுந்த துகள்களாகின்றன. கரும்புச்சாறு காய்ச்சும் கொப்பரையிலும் இதுவே நடக்கிறது.

ஏன் ஒளிர்கின்றன?

துகள் புற ஊதா ஒளியை உட்கவர்கிறது. அந்த ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிவிட, எஞ்சியது அலைநீளம் கூடிய, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளிவருகிறது. இதுவே உடனொளிர்தல். விழும் ஒளியின் அலைநீளத்தை மாற்றினால் வெளிவரும் நிறமும் மாறுவது இத்துகள்களின் சிறப்பு. ஆனால் ஒளி மங்கலானது. வெல்லத்தில் கிடைத்த துகள்களின் ஒளிர்திறன் 0.55 விழுக்காடு, அதாவது, உட்கவரும் ஆயிரம் ஒளித்துகள்களுக்கு ஐந்தாறுதான் திரும்ப வெளிவரும்.

வகுப்பறையில்

இரண்டு தேக்கரண்டி சர்க்கரையை ஆசிரியரே பழுப்பாகும்வரை சூடாக்க வேண்டும். நன்கு ஆறியபின் நீரில் கரைத்து வடிகட்டி, வெளிர்மஞ்சளாகும்வரை நீர் சேர்க்கவும். கரைசல் அடர்ந்திருந்தால் ஒளிர்வு தெரியாது. ஒரே மாதிரியான மூன்று கண்ணாடிக் குவளைகளில் வெறும் நீர், சர்க்கரை நீர், இக்கரைசல் ஆகியவற்றை எடுத்து, இருட்டறையில் ரூபாய்த்தாள் சோதிக்கும் புற ஊதா டார்ச்சால் ஒளியூட்டி ஒப்பிடுக. டார்ச்சைக் கண்ணை நோக்கிக் காட்டக் கூடாது. குவளைக்குப் பின்னால் வெள்ளைத்தாள் வேண்டாம். தாளே நீலமாக ஒளிரும்.

ஒளிர்ந்தால் போதுமா?

மூன்றாவது குவளை மட்டும் ஒளிர்ந்தால், சூடேற்றியதால் புதிய பொருள் உருவானது என்று சொல்லலாம். அது நானோதுகள்தான் என்று சொல்ல முடியாது. சூடேற்றும்போது உண்டாகும் சிறு மூலக்கூறுகளும் ஒளிரக்கூடும். மஞ்சள்தூளில் உள்ள குர்குமினும் ஒளிரும், அது நானோதுகள் அன்று. அதனால்தான் ஆய்வாளர்கள் துகள்களைப் பிரித்தெடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அளவைப் பார்த்த பிறகே முடிவு சொல்கிறார்கள்.

“பார்த்தது என்ன? அதிலிருந்து முடிவு செய்தது என்ன?” என்று இரண்டு பத்திகளாகப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் பிரித்தறியும் பழக்கமே இச்செயல்பாட்டின் கற்றல் விளைவு.