இணையதளத்தை வேறு சர்வருக்கு மாற்றப் போகிறீர்களா?

திருவையாற்றில் என் சித்தப்பா மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி அரிசியைத் தன் சொந்த இணையதளம் மூலம் விற்று வருகிறார். வெப் ஹோஸ்டிங் நிறுவனம் கட்டணத்தை உயர்த்தியதால், தளத்தை வேறு நிறுவனத்திற்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. பைல்களைக் காப்பி செய்து, டொமைனின் நேம் சர்வரை மாற்றி, அன்று மாலையே பழைய கணக்கை மூடினேன். எங்கள் வீட்டில் தளம் அழகாகத் திறந்தது. மறுநாள் காலை சித்தப்பாவின் போன். "ஏம்ப்பா, இங்க வருது. மெட்ராஸ்ல எதுவுமே வரலைங்கிறாங்களே!" பொங்கலுக்கு முந்தைய வாரம் அது. இரண்டு நாள் ஆர்டர்கள் போயின. தவறு என்னுடையதுதான்.

என்ன நடந்தது எனப் பார்க்கலாம். டொமைன் என்பது தளத்தின் பெயர். ஹோஸ்டிங் என்பது பைல்கள் இருக்கும் இடம். பெயரைக் கொடுத்தால் சர்வரின் ஐ.பி. எண்ணைத் தருவது டி.என்.எஸ். 1983ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த முறை இது. ஒவ்வொரு முறையும் கேட்டுக் கொண்டிருந்தால் நேரமாகும் என்பதால், நமக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் சர்வர் ஒருமுறை பெற்ற பதிலைச் சேமித்து வைக்கிறது. எவ்வளவு நேரத்திற்கு என்பதை, பதிலுடன் வரும் டி.டி.எல். என்ற எண் சொல்லும். 86400 எனில் அத்தனை விநாடிகள், அதாவது ஒரு நாள். டாட் காம் பெயர்களின் நேம் சர்வர் தகவலுக்கு இது 172800. முழுதாக இரண்டு நாள். இதை நாம் குறைக்க முடியாது. சென்னையில் பலர் பழைய பதிலை வைத்துக் கொண்டு, நான் மூடிய கதவைத் தட்டிக் கொண்டிருந்தார்கள்.

"மேட்டூர்ல தொறந்த தண்ணி கடைமடைக்கு வர்ற மாதிரின்னு சொல்லு" என்றார் சித்தப்பா. 2020ல் ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டது. கல்லணை திறந்தது ஜூன் 16ல்தான். உவமை நன்றாகவே இருக்கிறது. ஆனால் இங்கே எதுவும் ஓடி வருவதில்லை. ஒவ்வொரு சர்வரும் தன் பழைய குறிப்பு காலாவதியான பிறகே வந்து கேட்கிறது.

எனவே முதலில் டி.டி.எல். எண்ணைக் கவனியுங்கள். மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே ஏ ரெகார்டில் அதனை 300 ஆக்கிவிடவும். நேம் சர்வரே பழைய ஹோஸ்டிங் நிறுவனத்துடையது எனில், அதற்கும் முன்பாக, டொமைன் வாங்கிய இடத்தின் நேம் சர்வருக்கு மாறிக் கொள்ளவும். அங்கும் பழைய ஐ.பி. எண்ணையே தர வேண்டும். மெயிலுக்கான எம்.எக்ஸ். ரெகார்டையும் மறக்காமல் எழுதவும். பின் இரண்டு நாள் விட்டுவிடவும்.

இதற்கிடையே பைல்களையும் டேட்டாபேஸையும் புதிய சர்வரில் ஏற்றி, உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் சோதிக்கலாம். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என ஒன்றனுள் ஒன்றாகச் சென்றால், ஹோஸ்ட்ஸ் என்ற பைல் இருக்கும். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் நோட்பேட் மூலம் திறந்து, புதிய ஐ.பி. எண், ஓர் இடைவெளி, தளத்தின் பெயர் என ஒரு வரி சேர்க்கவும். டி.என்.எஸ். வருமுன் இணையம் முழுதும் இப்படி ஒரே பட்டியல் பைலை நம்பித்தான் இயங்கியது! சோதித்த பின் வரியை நீக்கிவிடவும். இல்லையேல் ஊருக்கே தளம் தெரியாதபோதும் உங்களுக்கு மட்டும் தெரியும்.

ஆர்டர் வாங்கும் தளத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மாற்றிய பிறகும் சிலரது ஆர்டர் பழைய டேட்டாபேஸில் போய் விழும். ஆகவே, மாற்றும் இரவில் பழைய தளத்தின் ஆர்டர் படிவத்தை மட்டும் எடுத்துவிட்டு, அங்கே போன் எண்ணை வைக்கவும். மற்ற பக்கங்கள் அப்படியே இருக்கட்டும். டேட்டாபேஸை இறுதியாக ஒருமுறை காப்பி செய்து புதியதில் ஏற்றியபின், ஏ ரெகார்டை மாற்றவும். பூட்டு அடையாளம் தரும் சான்றிதழ் புதிய சர்வரில் தயாராக இருக்கிறதா என முன்பே பார்த்துக் கொள்ளவும்.

பழைய கணக்கை ஒரு வாரமாவது ஓட விடுங்கள். மெயில் பெட்டியும் அங்கேதான் எனில், புதிய இடத்தில் அதே முகவரிகளை உருவாக்கிய பின் எம்.எக்ஸ். ரெகார்டை மாற்றி, பழைய கடிதங்களை எல்லாம் இறக்கி வைத்துக் கொண்ட பிறகே கணக்கை மூடவும்.