சங்கிலி பிடித்த கவர்னர்

சென்னைப் புறநகரான மாடம்பாக்கத்தில் மனை பார்க்க வருகிறவர்கள் தரகரிடம் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "சர்வே நம்பர் என்ன?" அவர் 145/2ஏ என்பதுபோல் ஏதோ சொல்வார். அந்தச் சின்ன எண்ணை வைத்துக்கொண்டு பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே எடுத்துவிடலாம். இந்த எண் வருவதற்கு முன் ஒரு நிலத்தை அடையாளம் சொல்ல அக்கம்பக்கத்தைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். கிழக்கே புளியமரம், மேற்கே வாய்க்கால், வடக்கே இன்னார் கொல்லை. இன்றும் பத்திரத்தில் 'சக்குபந்தி' என்ற பெயரில் அந்த நான்கெல்லை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரம் பட்டுப்போகும், வாய்க்கால் தூர்ந்துபோகும், இன்னார் விற்றுவிட்டுப் போவார். எண் அப்படியே இருக்கும். பிரிந்தால்கூட 2ஏ, 2பி என்று வால்தான் முளைக்குமே தவிரத் தலை மாறாது.

ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண், அதற்கு எதிரே உழுகிறவரின் பெயர். இந்த ஏற்பாட்டைச் சென்னை மாகாணத்தில் வேரூன்ற வைத்தவர்களில் முக்கியமானவர் நில அளவை படித்தவர் அல்லர், ஒரு படை அதிகாரி. 1761இல் கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் மன்றோ. தந்தை புகையிலை வியாபாரி. அமெரிக்கச் சுதந்திரப் போரில் அந்த வியாபாரம் படுத்துவிட, மகன் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து 1780இல் சென்னையில் வந்து இறங்கினார். அப்போது வயது பதினெட்டு. முதல் அனுபவமே ஹைதர் அலியோடு சண்டை.

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கம். போர் தேய்த்துப்போட்ட எல்லைச் சீமை அது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடை அதற்குப் பொறுப்பாக்கினார்கள். அவருக்கு உதவியாகப் போனவர்களில் மன்றோவும் ஒருவர். வழக்கமான வழி சுலபமானது: ஊரையோ பாளையத்தையோ ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டு மொத்தப் பணத்தை வாங்கிக்கொள்வது. ரீடும் மன்றோவும் நடுவில் யாரும் இல்லாமல் ரயத்திடம், அதாவது உழவரிடம், நேராகக் கணக்கு வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். இதுதான் பின்னால் ரயத்துவாரி எனப்பட்டது. சொல்ல ஒரு வரி. செய்யப் புறப்பட்டால், ஒவ்வொரு வயலையும் யாராவது அளந்தாக வேண்டும்.

அளக்க ஆள்? 1800இல் நிஜாம் விட்டுக்கொடுத்த கடப்பா, பெல்லாரிப் பகுதிகளுக்கு மன்றோ கலெக்டரானார். 1802இல் அங்கே அளவை தொடங்கியபோது வேலை தெரிந்தவர்கள் பாராமகாலிலிருந்து வந்த நான்கே குமாஸ்தாக்கள். அவர்களிடம் பழகியவர்கள் பிறருக்குச் சொல்லிக்கொடுக்க, அளப்பவர்கள் நூறு பேராகப் பெருகினார்கள்.

மன்றோவின் மூளை வேலை செய்த இடம் இனிமேல்தான். அளப்பவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் மர நிழலில் உட்கார்ந்துவிடுவார். எனவே ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி. அப்படிக் கொடுத்தால் அவசரத்தில் கோட்டைவிடுவார். எனவே ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளர். மற்றவர்கள் அளந்ததையே அவர் மறுபடி அளந்து பார்ப்பார். இவருக்கு மட்டும் மாதச் சம்பளம், ஏனென்றால் இவர் அவசரப்படவே கூடாது. வேகத்துக்கு ஒரு கூலி, நிதானத்துக்கு ஒரு கூலி. இருநூறு வருடத்துக்கு முன்னால், கூடாரத்தில் உட்கார்ந்து யோசித்த தரக்கட்டுப்பாடு இது!

கையில் இருந்த கருவி 33 அடிச் சங்கிலி. நம் மாநகரப் பேருந்தைவிடக் கொஞ்சம் குட்டை. அந்த நீளம் ஏன்? 33ஐ 33ஆல் பெருக்கினால் 1,089 சதுர அடி, இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்றின் அளவு. இதற்குக் குண்டா என்று பெயர். நாற்பது குண்டா சேர்ந்தால் 43,560 சதுர அடி, பிசகில்லாமல் ஒரு ஏக்கர். 33 என்பது எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1620 வாக்கில் வகுத்த 66 அடிச் சங்கிலியில் சரிபாதி. கன்டர் தன் சங்கிலியை நூறு கண்ணிகளாகப் பிரித்தார். ஆயிரம் சதுரக் கண்ணிதான் ஒரு சென்ட். ஒரு சென்ட் ஏன் 435.6 சதுர அடி என்று விநோதமாக முடிகிறது என மண்டையைக் குடைந்துகொண்டவர்களுக்கு விடை இதுதான். நம் பழைய கணக்கு எனக்கு இதைவிட அழகாகப் படுகிறது: 24 அடிச் சதுரம் ஒரு குழி, நூறு குழி ஒரு காணி. ஒரு காணியில் இருபத்துநான்கு கிரவுண்டு.

அதே 1802இல் மாடம்பாக்கத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் இன்னொரு சங்கிலி தரையில் இறங்கியது. வில்லியம் லாம்டன், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். நூறடி எஃகுச் சங்கிலி, மரத் தொட்டிகளில் நேராகக் கிடத்தி, வெயிலில் எவ்வளவு நீள்கிறது என்று வெப்பமானியால் பார்த்துப் பார்த்து, நானூறு தடவை. 57 நாள் ஆயிற்று. அவருக்கு வேண்டியது பூமியின் வளைவு. மன்றோவுக்கு வேண்டியது வேர்க்கடலைக் கொல்லை அளவு துண்டின் தீர்வை. லாம்டன் ஓர் அங்குலத்துக்கு உயிரை விட்டார். மன்றோவின் ஆட்கள் ஓரிரு அடி போனால் போகட்டும் என்று லட்சக்கணக்கான வயல்களை முடித்தார்கள். இரண்டுமே சரிதான்.

இன்று நாம் பார்க்கும் புலப்படம் மன்றோவுக்குப் பின், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அளவைத் துறை தேறிய காலத்தின் வாரிசு. அதை விரித்துப் பார்த்தால் வயலுக்குக் குறுக்கே கோடுகள் ஓடும். காரணம் ஒரு பழைய கட்டில். மூட்டு தளர்ந்த கட்டிலைத் தள்ளினால் சாய்கிறது. நான்கு சட்டத்தின் நீளமும் மாறுவதில்லை, உள்ளே இருக்கும் இடம் மட்டும் சுருங்குகிறது. நான்கு பக்கமும் நூறு நூறு அடி உள்ள வயல் சதுரமாக இருந்தால் 10,000 சதுர அடி. மூலை 60 பாகைக்குச் சாய்ந்திருந்தால் 8,660 தான். பக்கத்தைப் பக்கத்தால் பெருக்கிக் கணக்கு எழுதினால் இல்லாத 1,340 சதுர அடிக்கு, அதாவது அரை கிரவுண்டுக்கும் மேலாக, வரி கட்ட வேண்டிவரும். ஒரே ஒரு மூலைவிட்டத்தை அளந்துவிட்டால் வயல் இரண்டு முக்கோணமாகிவிடும். முக்கோணத்தைத் தள்ளினாலும் சாயாது. கோணம் பார்க்கும் கருவியே வேண்டாம், சங்கிலி போதும்.

செங்கல்பட்டுச் சீமை மட்டும் இந்தக் கணக்குக்குச் சுலபமாக மசியவில்லை. இங்கே 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் சுமார் இரண்டாயிரம் ஊர்களின் கணக்கை எடுத்திருந்தார். அதன் ஓலைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் தொண்டைமண்டலத்தில் நிலம் மிராசு. பல ஊர்களில் வயல் ஒருவருக்கென்று நிலைப்பதில்லை. பங்குதான் சொந்தம், வயல் முறை வைத்துக் கைமாறும். இந்த வருடம் உன்னுடையது, அடுத்த தடவை என்னுடையது. 'இந்த எண்ணுக்கு எதிரே யார் பெயரை எழுதுவது?' என்று எழுதுகோலோடு நின்றவரை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. சென்னைக் கலெக்டர் எல்லிஸ் 1816இல் மிராசைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வே எழுத வேண்டியிருந்தது. எண் கடைசியில் ஜெயித்தது. பங்கு முறை போயிற்று.

1820இல் மன்றோ சென்னை கவர்னரானார். இடையில் கைவிடப்பட்டிருந்த ரயத்துவாரி மாகாணத்தின் பொது முறையாயிற்று. அளவையில் கெட்டிக்காரராக இருந்தவர் வரியில் தாராளமானவர் என்று சொல்ல மாட்டேன். விளைச்சலில் பாதியை நெருங்கும் தீர்வை கடுமையானது. கால் பங்கு குறைக்க வேண்டும் என்று 1807இலேயே எழுதினார், மேலிடம் கேட்கவில்லை. கவர்னரான பிறகுதான் குறைக்க முடிந்தது. எண்ணிப் பார்க்கும் புத்தி அவரை விடவில்லை. 1822இல் மாகாணத்தின் திண்ணைப் பள்ளிகளை எண்ணச் சொன்னார். வந்த விடை 12,498.

1827 ஜூலை 6 அன்று, விடைபெற்றுக்கொள்ளப் பழைய சீமைக்குப் போன இடத்தில், பத்திகொண்டாவில் காலரா அவரைக் கொண்டுபோயிற்று. தீவுத்திடல் அருகே அவர் குதிரைச் சிலை நிற்கிறது. சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை; சிற்பி சான்ட்ரி மறந்துவிட்டார் என்று ஊரில் ஒரு கதை. சங்கிலியும் இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

மாடம்பாக்கத்தில் சர்வேயர் வரும் நாளில் தெருவே கூடிவிடும். அவர் புலப்படத்தை விரிப்பார், எந்தப் பக்கம் ஏரி என்று கேட்பார், பிறகு குனிந்து ஓர் அளவைக் கல்லைத் தேடுவார். பாதி நேரம் அது யாருடைய காம்பவுண்டுச் சுவருக்கு அடியிலோ இருக்கும். கடப்பாரை ஒன்று வரும். "இன்னும் ஓர் அடி தள்ளி" என்பார். டங் என்று சத்தம் கேட்கும்.