பாக்ஸிங் கிளவ்ஸ் யாரைக் காப்பாற்றுகிறது தெரியுமா?

கடையில் தொங்கும் பாக்ஸிங் கிளவ்ஸில் 10, 12, 16 என்று எண் போட்டிருக்கிறதே, அது செருப்பு நம்பர் மாதிரி கை அளவு என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! அது எடை. ஒரு அவுன்ஸ் 28 கிராம் சொச்சம். 16 அவுன்ஸ் என்றால் ஒவ்வொரு கிளவ்ஸும் ஏறக்குறைய அரைக் கிலோ! அதை மாட்டிக்கொண்டு மூன்று நிமிட ரவுண்டு முழுக்கக் கையை இறக்காமல் நின்று பாருங்கள், தோள்பட்டை கெஞ்சும்.

சரி, உள்ளே இருக்கும் மெத்தை யாரைக் காப்பாற்றுகிறது தெரியுமா? குத்து வாங்குகிறவரை அல்ல, முதலில் கொடுக்கிறவரை! மனிதக் கையில் இருப்பது 27 எலும்புகள். மண்டையோட்டின் கெட்டித்தனத்துக்கு அவை ஈடாகாது. வெறுங்கையால் குத்தினால் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பு முறியலாம். டாக்டர்கள் அதற்கு 'பாக்ஸர் முறிவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 1889-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெயினும் வெறுங்கையோடு மோதியது எத்தனை ரவுண்டு? 75! ஒருவர் கீழே விழுந்தால்தான் ரவுண்டு முடியும் என்பது அன்றைய கணக்கு. வெறுங்கையில் நடந்த கடைசி ஹெவிவெயிட் பட்டப் போட்டி அதுதான். 1892-ல் நியூ ஆர்லியன்ஸில் அதே சல்லிவன் கிளவ்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கினார்; 21-வது ரவுண்டில் ஜிம் கார்பெட் அவரைச் சாய்த்துவிட்டார். கை பத்திரமானதும் தலையைக் குறிவைக்கத் துணிச்சல் வந்துவிட்டது. கிளவ்ஸ் இருக்கிறதே என்று நம்பித் தலையை நீட்டுகிறவர்களை என்ன சொல்ல!

கிளவ்ஸ் ஏதோ இங்கிலாந்துக்காரர்கள் நேற்றுக் கண்டுபிடித்தது என்றும் நினைக்காதீர்கள். கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவில் 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய சுவரோவியத்தில் இரண்டு சிறுவர்கள் குத்துச்சண்டை போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு கையில் மட்டும் உறை! வட இங்கிலாந்தின் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் 2017-ல் தோண்டி எடுத்த தோல் கையுறையில், போட்டிருந்தவரின் விரல் முட்டிகள் பதிந்த தடம்கூட அழியவில்லை. வயது சுமார் 1,900.

கிழிந்த கிளவ்ஸால் ஒரு சண்டையைப் பற்றிக் கதையே கிளம்பியது தெரியுமா? 1963, லண்டன் வெம்ப்ளி. காஷியஸ் கிளே என்ற இளைஞரை நாலாவது ரவுண்டின் கடைசியில் ஹென்றி கூப்பர் இடது கையால் வீழ்த்திவிட்டார். மணி அடித்துக் காப்பாற்றியது. கிளேயின் கிளவ்ஸில் ஏற்கெனவே இருந்த சின்னக் கிழிசலை அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி விரலை விட்டுப் பெரிதாக்கி, நடுவரிடம் காட்டினார்! மூச்சு வாங்க நிமிடக்கணக்கில் நேரம் கிடைத்தது என்று கதை வளர்ந்தது. படச்சுருளில் பார்த்தால் கூடுதலாகக் கிடைத்தது சில விநாடிகள்தான். அடுத்த ரவுண்டில் கிளே ஜெயித்தார். பிறகு முகமது அலி ஆகி, 1980-ல் மெட்ராஸுக்கும் வந்து எம்.ஜி.ஆர். முன்னிலையில் கைவரிசை காட்டியவர் இவரேதான்!

மெக்சிகோவின் கிளேட்டோ ரேயஸ் கிளவ்ஸுக்குள் குதிரை முடி இருக்கும் தெரியுமா? குத்து சுள்ளென்று இறங்கும். ஜப்பானின் 'வின்னிங்' மெத்துமெத்தென்று இருக்கும். பயிற்சியில் எதிரே நிற்பவர் உங்களை வாழ்த்துவார். எடையிலும் பேரம் உண்டு: 2017-ல் மேவெதர் – மெக்ரிகர் குத்துச்சண்டைக்கு விதிப்படி 10 அவுன்ஸ் வேண்டியிருந்தது. இருவரும் கேட்டதற்காக அமெரிக்காவின் நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் 8 அவுன்ஸுக்குச் சம்மதித்தது!

இனி நீங்கள் வாங்கப் போனால், கையில் துணிப்பட்டியைச் சுற்றிக்கொண்டே போட்டுப் பாருங்கள். நாலரை மீட்டர் பட்டி சுற்றியதும் கை எவ்வளவு பருக்கும் தெரியுமா? வெறுங்கையில் கச்சிதமாக இருந்தது அப்போது நுழையாது. விரல் நுனி உள்முனையை லேசாகத் தொட வேண்டும், முஷ்டி சிரமமில்லாமல் மூட வேண்டும். பயிற்சி மூட்டையில் குத்த 12 அவுன்ஸ் போதும். ஆளோடு மோதிப் பழக 16. மூட்டையில் அடித்து அடித்து மெத்தை இறுகிப்போன ஜோடியை ஆள் மீது பிரயோகிக்கக் கூடாது, ஆகவே இரண்டு ஜோடி. கயிறு கட்டும் ரகம் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கும். ஆனால் கட்டிவிட இன்னொருவர் வேண்டும். தனியாகப் பழகுகிறவர்கள் வெல்க்ரோ வாங்குங்கள். பயிற்சி முடிந்ததும் பைக்குள் போட்டு மூடாதீர்கள், பழைய நியூஸ்பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்து நிழலில் காயவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் அந்த நாற்றம் ஜிம் வாசல் வரைக்கும் வரும்.